மேற்கண்ட விவரங்கள் யாவும் உண்மையே

புதுப்பட்டினத்தில் படிப்பை முடித்த பிள்ளை வேலை தேடிக் கிளம்பினால் முதலில் போய் நிற்பது ஜெராக்ஸ் கடையில்தான். "அண்ணே, ஒரு பயோடேட்டா அடிக்கணும்" என்பான். கடைக்காரர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே பதில் சொல்வார்: "ஃபார்மேட் ரெடியா இருக்கு தம்பி. உம் பேரு, அப்பா பேரு, பொறந்த தேதி மட்டும் சொல்லு."

அந்த ஃபார்மேட்டுக்கு ஒரு மூலவர் இருந்திருக்க வேண்டும். எந்தக் காலத்திலோ வந்து, தன்னைப் பற்றி ஒரு பக்கம் அடித்து, அச்செடுத்துக்கொண்டு போனவர். அவருக்கு வேலை கிடைத்ததா என்று கடைக்காரருக்கே தெரியாது. ஆனால் அவருடைய குணநலன்கள் மட்டும் கணினியில் தங்கிவிட்டன. அவர் பாட்டுக் கேட்பார், கிரிக்கெட் ஆடுவார், புத்தகம் படிப்பார். ஆகவே வாயலூரிலிருந்து சதுரங்கப்பட்டினம் வரை இந்தக் கரையில் வேலை தேடும் அத்தனை பேரும் பாட்டுக் கேட்கிறார்கள், கிரிக்கெட் ஆடுகிறார்கள், புத்தகம் படிக்கிறார்கள். அவர் கடும் உழைப்பாளி. எதையும் சீக்கிரம் கற்றுக்கொள்வார். ஆகவே ஊரே அப்படித்தான். கடைக்காரர் அவசரத்தில் இருந்தால் முந்தைய ஆளின் அப்பா பெயரும் அப்படியே நின்றுவிடும். இரண்டு வெவ்வேறு தெருக்காரர்கள் ஒரே தந்தையோடு ஒரே கம்பெனிக்கு விண்ணப்பித்த வரலாறும் உண்டு.

எல்லாவற்றுக்கும் மேலே, பக்கத்தின் உச்சியில், 'குறிக்கோள்' என்று ஒன்று இருக்கும். சவால்கள் நிறைந்த சூழலில் பணியாற்றி, நிறுவனத்தின் வளர்ச்சியோடு தன் திறமையையும் வளர்த்துக்கொள்ள வேண்டும் என்பது அதன் சாரம். மறைமலை நகர் கம்பெனிக்கும் இதே குறிக்கோள்தான். சிறுசேரி ஐ.டி. பூங்காவுக்கும் இதேதான். மாமல்லபுரத்து ரிசார்ட்டில் துண்டு மடித்து வைக்கிற வேலைக்கும் இதேதான். துண்டில் என்ன சவால் என்று மேலாளரும் கேட்பதில்லை. அவரும் ஒரு காலத்தில் இதே வரியை எழுதித்தான் உள்ளே வந்திருப்பார்.

பக்கத்தின் நடுவுக்கு வந்தால் மதம், சாதி, உயரம், நிறம், தந்தையின் தொழில், உடன்பிறந்தோர் எத்தனை பேர், அதில் மணமானவர் எத்தனை பேர். இன்னும் ராசியும் நட்சத்திரமும் சேர்த்துவிட்டால் அப்படியே பெண் வீட்டுக்கு அனுப்பலாம். இதை எழுதுபவர் கல்யாணத் தரகர் ஒருவரிடம் இப்படி ஒரு தாளைக் காட்டியபோது அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பொறுமையாகப் படித்தார். "பையன் நல்ல பையனாத்தான் தெரியுது. சம்பளம்தான் போடலே" என்றார்.

இந்தக் குழப்பத்துக்குக் காரணம் இருக்கிறது. நம் ஊர்களில் இரண்டு தலைமுறைக்கு 'வேலை' என்றால் சர்க்கார் வேலை. கல்பாக்கத்தில் அதற்கு இன்னும் எடை அதிகம். அணுமின் நிலையத்தின் முதல் அலகு 1983இல் இயங்கத் தொடங்கியது, இரண்டாவது 1985இல். அதற்கும் முன்பே, 1971இல், வந்தது ஆராய்ச்சி மையம். இன்றைக்கு அது இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம். சர்க்கார் விண்ணப்பத்தில் இட ஒதுக்கீட்டுக்காகச் சாதி கேட்பார்கள். போலீஸ் விசாரணைக்காகத் தகப்பன் பெயர், பூர்விகம், அங்க அடையாளம் எல்லாம் கேட்பார்கள். கேட்பதில் நியாயம் இருக்கிறது, அணு உலைக்குள் யாரை விடுகிறோம் என்று பார்க்க வேண்டாமா? ஆனால் சர்க்கார் தன் படிவத்தைத் தானே கொடுத்துவிடும். அங்கே யாரும் பயோடேட்டாவைத் தட்டில் வைத்து நீட்டத் தேவையில்லை. தனியார் கம்பெனிக்குத்தான் அது வேண்டும். நாமோ அணு உலைக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் ஹோட்டல்காரனிடம் சொல்லிக்கொண்டிருக்கிறோம். வலது கன்னத்து மச்சத்தைத் தெரிந்துகொண்டு ரிசார்ட் மேலாளர் என்ன செய்யப் போகிறார்?

தாளை விட்டு இணையத்துக்குப் போனால் வேறு விதமான வேதனை. முருகன் என்று ஒருவன், இனிஷியல் எஸ் என்று வைத்துக்கொள்வோம். கம்பெனியின் படிவத்தில் 'முதல் பெயர்' என்று ஒரு கட்டம், 'கடைசிப் பெயர்' என்று ஒரு கட்டம். இரண்டாவது கட்டத்தில் சிவப்பு நட்சத்திரம். நிரப்பாமல் நகர முடியாது. எஸ் என்று ஒற்றை எழுத்தைப் போட்டால் போதாது என்கிறது. புள்ளி வைத்தால் கோபித்துக்கொள்கிறது. வேறு வழியில்லாமல் அப்பா பெயரான சுப்பிரமணியை அதில் போடுகிறான். பத்து நாள் கழித்து பெங்களூரிலிருந்து போன் வருகிறது. "மிஸ்டர் சுப்பிரமணி இருக்காரா?" வீட்டில் ஒரே போன், அது அப்பாவிடம். "நாந்தாம்மா பேசறேன்" என்கிறார். பாதி நேர்காணல் அவரோடு முடிந்துவிடுகிறது. ஜாவா தெரியுமா என்று கேட்டதற்கு, ஜாவா பைக் தன் மச்சானிடம் இருந்தது, நல்ல வண்டி என்று சொல்லியிருக்கிறார்.

இந்தக் காலிக் கட்டத்துக்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு, அதுவும் நம் மாவட்டத்து வரலாறு. 1929 பிப்ரவரியில் சுயமரியாதை இயக்கத்தின் முதல் மாகாண மாநாடு செங்கல்பட்டில்தான் கூடியது. பெரியார் முன்னின்று நடத்திய அந்த மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர் டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன். பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் சாதிப் பட்டத்தை விட்டுவிடுங்கள் என்று அங்கே தீர்மானம் போட்டார்கள். மேடையில் இருந்தவர்களே முதலில் விட்டார்கள். ஊர் ஊராக அது பரவி, தமிழ்நாட்டில் பெயருக்குப் பின்னால் இருந்த இடம் காலியானது. ஏறக்குறைய நூறு ஆண்டு கழித்து ஒரு மென்பொருள் வந்து, அந்த இடத்தை நிரப்பு என்று சிவப்பு நட்சத்திரம் காட்டுகிறது.

காலியாக இருப்பதில் லாபமும் உண்டு. சுக்தேவ் தோரட், பால் அட்டெவெல் என்ற இரண்டு ஆய்வாளர்கள் செய்த சோதனை ஒன்று 2007இல் வெளியானது. நாளிதழில் வந்த தனியார் வேலை விளம்பரங்களுக்கு ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களை அனுப்பினார்கள். பெயரை மட்டும் மாற்றினார்கள். உயர்சாதிப் பின்னொட்டுள்ள பெயர்களைவிடத் தலித் பெயர்களுக்கும் முஸ்லிம் பெயர்களுக்கும் அழைப்பு குறைவாகவே வந்தது. படித்த படிப்பு ஒன்று, மதிப்பெண் ஒன்று, அடித்த தாளும் ஒன்று. எனவே தம்பிமார்களே, கேட்காத இடத்தில் சாதியையும் மதத்தையும் நீங்களாகவே டைப் அடித்துக் கொடுக்காதீர்கள். கடைக்காரரின் ஃபார்மேட்டில் அந்த வரி இருந்தால் அழிக்கச் சொல்லுங்கள். அழிப்பதற்குக் காசு வாங்க மாட்டார்.

சரி, அழித்த இடத்தில் எதை எழுதுவது? இதற்கும் வெகுதூரம் போக வேண்டாம், பல்லவர்களையே கேட்கலாம். இந்தக் கரையில் தன்னைப் பற்றி எழுதிக்கொண்டதில் அவர்களை மிஞ்ச ஆளில்லை. காஞ்சிபுரம் கைலாசநாதர் கோயிலைக் கட்டிய ராஜசிம்மன், சுற்றாலைச் சிற்றாலயங்களில் தன் பட்டப்பெயர்களை வரிசையாக வெட்டி வைத்திருக்கிறான். இருநூறுக்கும் மேல். வீரம், கொடை, அழகு, கலை, பக்தி என்று ஒன்றையும் விடவில்லை. கடும் உழைப்பாளி, சீக்கிரம் கற்பவர், குழுவோடு ஒத்துழைப்பவர், தலைமைப் பண்பு மிக்கவர் என்று அடுக்குகிறோமே, அந்தப் பழக்கத்துக்கு ஆயிரத்து முந்நூறு வருடத்துப் பரம்பரை இருக்கிறது. அவன் சொந்தக் காசில் சொந்தக் கோயிலில் வெட்டிக்கொண்டான்; யாரிடமும் வேலை கேட்கவில்லை.

அவனுடைய எள்ளுத்தாத்தா முதலாம் மகேந்திரவர்மன் விவரமானவன். அவனுக்கும் பட்டப்பெயர்கள் உண்டு. சித்திரகாரப்புலி என்பது ஒன்று. ஆனால் விழுப்புரம் பக்கம் மண்டகப்பட்டில், குன்றைக் குடைந்து எடுத்த கோயிலில், அவன் வெட்டி வைத்த கல்வெட்டைப் பாருங்கள். செங்கல், மரம், உலோகம், சுதை எதுவும் சேர்க்காமல் பிரம்மா, சிவன், திருமால் மூவருக்கும் விசித்திரசித்தன் (அதுவும் அவன் பட்டப்பெயர்தான்) எழுப்பிய கோயில் இது என்பதுதான் விஷயம். அந்தப் பட்டப்பெயரைத் தவிர, தான் கெட்டிக்காரன் என்று அதில் ஓரிடத்திலும் அவன் சொல்லவில்லை. அதுவரை எல்லாரும் எதை வைத்துக் கட்டினார்கள், அது இல்லாமல் தான் எதைக் கட்டினான் என்று சொல்லியிருக்கிறான். கெட்டிக்காரத்தனத்தைப் படிப்பவன் தானே கணக்குப் போட்டுக்கொள்வான். ரெஸ்யூமே எழுதச் சொல்லித்தரும் வகுப்புகளில் இன்றைக்குப் பணம் வாங்கிக்கொண்டு சொல்வதும் இதைத்தான்: என்ன செய்தாய், எந்த நெருக்கடியில் செய்தாய், முடிவில் என்ன நின்றது.

நம் பிள்ளைகளிடம் இதற்கான சரக்கு இல்லாமல் இல்லை. வாயைத் திறந்து சொல்வதற்குத்தான் கூச்சம். "இதுக்கு முன்னாடி என்ன வேலை பாத்தே தம்பி?" என்று கேட்டால், "ஒண்ணுமில்லண்ணே, சும்மா காண்ட்ராக்ட்ல இருந்தேன்" என்பான். தோண்டிக் கேட்டால் பிளான்ட்டில் ஷட்டவுன் வேலைக்கு இரண்டு தடவை போனவன். வால்வைக் கழற்றிச் சுத்தம் செய்து கேஸ்கட் மாற்றி மாட்டத் தெரிந்தவன். பாதுகாப்புப் பயிற்சி முடித்துப் பாஸ் வாங்கியவன். ஒரு நாளும் லேட்டாகப் போகாதவன். தாளில் இதில் ஒரு வரிகூட இருக்காது. 'கடும் உழைப்பாளி' இருக்கும். மாமல்லபுரத்தில் கற்சிலைக் கடையில் சின்ன வயதிலிருந்து நின்ற இன்னொரு பையன் பிரெஞ்சுக்காரரோடு பிரெஞ்சில் பேரம் பேசுவான், ஜெர்மனியிலிருந்து வந்தவரிடம் பிள்ளையாருக்கு ஏன் ஒரு தந்தம் ஒடிந்தது என்று விளக்குவான். ரிசார்ட் வேலைக்கு அவன் கொடுத்த தாளில் 'தெரிந்த மொழிகள்: தமிழ், ஆங்கிலம்'. ஏனப்பா பிரெஞ்சு போடவில்லை என்றால், "அதுக்கு சர்டிபிகேட் இல்லியே சார்" என்கிறான். சர்டிபிகேட் இல்லாத திறமை திறமையே இல்லை என்று யாரோ இவர்களை நம்ப வைத்திருக்கிறார்கள்.

சர்டிபிகேட் இல்லாதவர் வேலைக்கு எழுதிய கடிதம் ஒன்று இந்தச் சென்னையிலேயே உண்டு. எழுதியவர் சீனிவாச ராமானுஜன். தேதி 1912 பிப்ரவரி 9, முகவரி திருவல்லிக்கேணி, வேலை மெட்ராஸ் போர்ட் டிரஸ்டில் குமாஸ்தா. மொத்தம் ஐந்தாறு வாக்கியம். காலியிடம் இருப்பதாக அறிகிறேன், மெட்ரிகுலேஷன் தேறியிருக்கிறேன், எஃப்.ஏ. (அந்நாளைய கல்லூரி முதல்நிலைப் படிப்பு) வரை படித்தேன், சில எதிர்பாராத இடையூறுகளால் மேலே படிக்க முடியவில்லை, அதன் பிறகு முழு நேரத்தையும் கணிதத்துக்கே கொடுத்து வருகிறேன், வேலை கொடுத்தால் ஒழுங்காகச் செய்வேன் என்ற நம்பிக்கை இருக்கிறது. அவ்வளவுதான்.

'எதிர்பாராத இடையூறுகள்' என்ற இடத்தில் சற்று நின்று ரசிக்க வேண்டும். கும்பகோணம் அரசுக் கல்லூரியில் கணிதம் தவிர மற்றதில் கோட்டைவிட்டு உதவித்தொகையை இழந்தார். பச்சையப்பன் கல்லூரிக்கு வந்தும் எஃப்.ஏ. தேறவில்லை, உடலியல் பாடம் அவருக்கு ஆகவே ஆகாது. ஆக, இடையூறு என்பது பெரும்பாலும் மற்ற பாடங்கள்தான். அவர் பொய் சொல்லவில்லை, புலம்பவும் இல்லை. தோல்வியை அரை வாக்கியத்தில் தாண்டி, 'ஆனால் அன்று முதல் இதைச் செய்துகொண்டிருக்கிறேன்' என்று அடுத்த வாக்கியத்துக்குப் போய்விட்டார். அரியர் வைத்திருக்கும் பொறியியல் பிள்ளைகள் இந்த ஒரு இடத்தையாவது மனப்பாடம் செய்யலாம். கூடவே பிரசிடென்சி கல்லூரிக் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்டின் சிபாரிசுக் கடிதத்தையும் இணைத்திருந்தார். மார்ச் 1ஆம் தேதி வேலையில் சேர்ந்தார். மாதம் 30 ரூபாய்.

சிபாரிசு என்றதும் முகம் சுளிக்க வேண்டாம். ராமானுஜன் அதற்கு முன்பே கணித நோட்டுப் புத்தகங்களைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீடு வீடாக ஏறியவர். இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கிய வி. ராமசாமி ஐயர் டெபுடி கலெக்டர். அவரிடம் நோட்டைக் காட்டி வேலை கேட்டார். நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவிடம் காட்டினார். அவர் சில காலம் மாதாமாதம் பணம் கொடுத்து ஆதரித்தார். அந்த நோட்டுகள்தான் அவருடைய உண்மையான பயோடேட்டா. பார்த்தவர்களில் பலருக்கு அது புரியவில்லை, ஆனால் சாதாரண விஷயம் இல்லை என்பது மட்டும் புரிந்தது.

அதே மனிதர் அடுத்த வருடம், 1913 ஜனவரி 16ஆம் தேதி, கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதியது வேறு மாதிரிக் கடிதம். போர்ட் டிரஸ்டுக்கு அனுப்பியதில் ஒரு தேற்றம்கூட இல்லை. கப்பல் கணக்கு எழுதுகிற இடத்தில் எல்லையற்ற தொடரை யார் கேட்டார்கள்? ஹார்டிக்கு அனுப்பியதிலோ பக்கம் பக்கமாகத் தேற்றங்கள். பல்கலைக்கழகப் படிப்பு இல்லை என்று முதலிலேயே உடைத்துச் சொல்லிவிட்டு, சரக்கைப் பரப்பிவிட்டார். ஒரே ஆள், இரண்டு வாசகர்கள், இரண்டு கடிதங்கள். ஜெராக்ஸ் கடை ஃபார்மேட்டால் முடியாதது இதுதான். ராமானுஜனை அந்தக் கடைக்கு அனுப்பியிருந்தால், 'பொழுதுபோக்கு: கணக்குப் போடுதல்' என்று கடைசியில் ஒரு வரி வந்திருக்கும், பாட்டுக் கேட்பதற்கும் கிரிக்கெட்டுக்கும் நடுவில்.

ஒரு சின்ன வம்பு. ஹார்டிக்கு எழுதிய அந்தக் கடிதத்தில் தனக்கு வயது சுமார் 23 என்று எழுதியிருக்கிறார். 1887 டிசம்பர் 22இல் பிறந்தவருக்கு அன்றைக்கு வயது 25 முடிந்துவிட்டது. சம்பளம் வருஷத்துக்கு 20 பவுண்டு மட்டுமே என்கிறார். அப்போது ஒரு பவுண்டுக்கு 15 ரூபாய். மாதம் 30 என்றால் வருடத்துக்கு 360, அதாவது 24 பவுண்டு. வயதில் இரண்டைக் குறைத்து, சம்பளத்தில் நான்கைக் குறைத்திருக்கிறார், அதுவும் உலகத்தின் தலைசிறந்த கணிதர்களில் ஒருவர்! இன்றைய ஆள் சம்பளத்தை ஏற்றிச் சொல்லித்தான் பழக்கம். ஹார்டி இதையெல்லாம் சரிபார்க்கவில்லை. அவரும் சக கணிதர் லிட்டில்வுட்டும் உட்கார்ந்து தேற்றங்களைத்தான் சரிபார்த்தார்கள். அதற்கு முன்னால் பேக்கர், ஹாப்சன் என்ற இரண்டு கணித அறிஞர்களுக்கு எழுதி ஒன்றும் நடக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மூன்று பேருக்கு எழுதினால் ஒருவர் பதில் போடுகிறார். இன்றைய கணக்குக்கு அது அபார விகிதம். 1918இல் ராமானுஜன் ராயல் சொசைட்டி உறுப்பினர் ஆனார். அப்போதும் எஃப்.ஏ. பாஸ் இல்லை.

வாசகரைப் பார்த்து எழுதுகிற இந்தச் சாமர்த்தியம் லியனார்டோ டா வின்சிக்கும் இருந்தது. 1482 வாக்கில் மிலான் நகரத்தை ஆண்ட லுடோவிகோ ஸ்போர்சாவுக்கு வேலை கேட்டு எழுதியபோது, தூக்கிச் செல்லக்கூடிய பாலம், பீரங்கி, மூடிய போர் வண்டி என்று வரிசையாகப் போர்ச் சாமான்களைச் சொல்லிக்கொண்டே போய், ஓவியமும் வரைவேன் என்பதைக் கடைசியில்தான் வைத்தார். சண்டைக்காரரிடம் வேலை கேட்கிறோம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. இதற்கு நேர்மாறு ஸ்டீவ் ஜாப்ஸ். 1973இல் அவர் கையால் நிரப்பிய ஒரு வேலை விண்ணப்பத்தில் தொலைபேசி என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதியிருக்கிறார். அந்தத் தாள் 2018இல் ஒரு லட்சத்து எழுபதாயிரம் டாலருக்கு மேல் ஏலம் போனது. நம் தாளுக்கு அந்த யோகம் வரும்வரை போன் நம்பரைப் போட்டு வைப்பதே நல்லது.

எத்தனை நேரம் படிப்பார்கள்? அமெரிக்காவில் லேடர்ஸ் என்ற வேலைவாய்ப்பு நிறுவனம் ஆட்களைத் தேர்ந்தெடுப்பவர்களின் கண் எங்கே போகிறது என்று கருவி வைத்துப் பார்த்தது. 2012இல் ஒரு ரெஸ்யூமேவுக்கு முதல் பார்வையில் சுமார் 6 விநாடி, 2018இல் 7.4 விநாடி. ஆறு வருடத்தில் மனித குலம் ஒன்றரை விநாடி கருணை காட்டியிருக்கிறது. அந்த ஏழு விநாடியில் குறிக்கோளும் கன்னத்து மச்சமும் போய்விட்டால் வால்வுக்கு எப்போது வருவார்கள்? பெரிய கம்பெனிகளில் மனிதர் பார்ப்பதற்கு முன்னால் மென்பொருள் பார்க்கிறது. அதற்குப் பூ வேலைப்பாடும் ரோஜா பார்டரும் பிடிக்காது; விளம்பரத்தில் வேலையை எந்தச் சொல்லால் சொல்லியிருக்கிறார்களோ அந்தச் சொல் தாளில் இருக்கிறதா என்று தேடும். அமெரிக்கா, இங்கிலாந்து என்றால் புகைப்படம் வேண்டாம், அங்கே அது பாகுபாட்டுக்கு வழி என்று தவிர்க்கிறார்கள். வளைகுடா என்றால் பெரும்பாலும் கேட்பார்கள், பாஸ்போர்ட் விவரமும் கேட்பார்கள். ஆதார் எண்ணையும் பான் எண்ணையும் எந்த நாட்டுக்கும் தாளில் போட வேண்டாம். வேலை உறுதியான பிறகு கொடுத்தால் போதும். அதற்கு முன்பே கேட்டு, 'டெபாசிட்' என்று பணமும் கேட்கிறவர் வேலை கொடுக்கிறவர் அல்ல.

கடைசியாக அந்த உறுதிமொழி. மேற்கண்ட விவரங்கள் யாவும் தான் அறிந்தவரையில் உண்மையே என்று எழுதி, இடம், தேதி போட்டுக் கையெழுத்து. இது நம் ஊர்ப் பழக்கம். வெளிநாட்டுக்காரர் இதைப் பார்த்தால், இவர் ஏன் கோர்ட்டில் பேசுவதுபோல் பேசுகிறார் என்று திகைப்பார். தாசில்தார் ஆபீஸ் மனுக்களிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்திருக்க வேண்டும். இதைப் படித்து யாரும் யாரையும் நம்பியதில்லை. பல தாள்களில் தேதி மூலவர் அடித்த தேதியாகவே நிற்கும், பிறப்பதற்கு முன்பே உறுதிமொழி கொடுத்ததுபோல. சர்க்கார் படிவம் கேட்டால் எழுதுங்கள், மற்ற இடத்தில் அந்த மூன்று வரியில் வால்வைப் பற்றி இன்னொரு வரி எழுதலாம்.

அனுப்புவதற்கு முன் போன் நம்பரை மட்டும் ஒவ்வொரு இலக்கமாகச் சரிபாருங்கள். அது உங்கள் நம்பராக இருக்கட்டும், அப்பாவுடையது வேண்டாம். விண்ணப்பித்த மாதத்தில் ரீசார்ஜ் தீராமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.